நூல் சிக்குவது அடியில், கோளாறு மேலே

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீட்டிலிருந்தபடியே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். இரண்டு வாரமாகத் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்குகிறது. மேல்பக்கம் தையல் ஓரளவு நன்றாகத்தான் தெரிகிறது. பாபின் கேஸில் (அடி நூல் சுற்றிய உருளை உட்காரும் கூடு) இருக்கும் திருகை இறுக்கியும் தளர்த்தியும் பார்த்துவிட்டேன். இணைய விளம்பரத்தைப் பார்த்து வரவழைத்த மெக்கானிக், டைமிங் போய்விட்டது, அடியில் சுழன்று நூலைப் பிடிக்கும் ஹூக்கை மாற்ற வேண்டும், 180 வெள்ளி ஆகும் என்கிறார். தீபாவளித் துணிகள் குவிந்து கிடக்கின்றன. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த 180 வெள்ளியைப் பத்திரமாக வைத்திருங்கள் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் டைமிங்கைச் சந்தேகிக்க வேண்டிய கட்டம் இன்னும் வரவில்லை.

சிக்கல் அடியில் இருப்பதால் எல்லாருடைய கையும் பாபினுக்குத்தான் போகிறது. மெஷின் வேலை செய்யும் விதம் வேறு. ஒவ்வொரு தையலுக்கும் மேல் நூல் ஊசியோடு கீழே இறங்கி, பாபினைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்ப வேண்டும். திரும்ப இழுப்பது, முன்பக்கம் ஏறி இறங்குகிறதே, அந்த லிவர். நூலை அளவோடு இறுக்கிப் பிடித்து வைப்பது டென்ஷன் தட்டுகள். இந்த இரண்டில் எதிலிருந்து நூல் நழுவினாலும், கீழே போன நூல் திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிடும். நீங்கள் பார்க்கும் கொத்து அதுதான். அது மேல் நூல், பாபின் நூல் அல்ல. மேலே சிவப்பு, பாபினில் வெள்ளை என்று போட்டு ஒரு பருத்தித் துண்டில் தைத்துப் பாருங்கள்; அடியில் கொத்தாகக் கிடப்பது சிவப்பாக இருக்கும்.

நூல் ஏன் நழுவுகிறது? பெரும்பாலான வீடுகளில் காரணம் ஒன்றே: துணியை அழுத்தும் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோர்ப்பது. ஃபுட் கீழே இருந்தால் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு இடையில் நுழையாமல் மேலோடு போய்விடும். பார்வைக்கு எல்லாம் சரியாகக் கோர்த்தது போலவே இருக்கும். டென்ஷன் டயலில் 4 வைத்தாலும் 9 வைத்தாலும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

ஆகவே மேல் நூலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். நூல்கட்டைப் பக்கம் வெட்டிவிட்டு, ஊசிப் பக்கமாக இழுத்து எடுக்க வேண்டும். பின்பக்கமாக இழுத்தால் பஞ்சும் பிசிறும் தட்டுகளுக்குள்ளேயே தங்கும். பிறகு ஃபுட்டைத் தூக்குங்கள். வீலை உங்கள் பக்கமாகச் சுற்றி லிவரை உச்சிக்குக் கொண்டு வாருங்கள். இப்போது கோருங்கள், லிவரின் ஓட்டைக்குள் நூல் போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டு. ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூலை இழுத்துப் பாருங்கள். ஃபுட் மேலே இருந்தால் தாராளமாக வர வேண்டும், ஃபுட்டை இறக்கினால் முரண்டு பிடிக்க வேண்டும். இறக்கிய பிறகும் தாராளமாக வந்தால் தட்டுகளுக்கு நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது. ஃபுட்டைத் தூக்கி, தடித்த நூலை இரட்டையாக மடித்து, தட்டுகளுக்கு இடையில் இப்படியும் அப்படியும் இழுத்தால் பஞ்சு வெளியே வரும். தைக்கத் தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்னால் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் நான்கைந்து தையலில் வரும் சிக்கல் இதிலேயே நின்றுவிடும்.

அடுத்தது ஊசி. பிளவுஸ் தைப்பவர்கள் முறியும்வரை ஊசியை மாற்றுவதில்லை. எட்டு மணி நேரம் தைத்தாலே முனை மழுங்கத் தொடங்கிவிடும். பட்டுக்கு 11, லைனிங் வைத்த பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. வாங்கும்போது தேக்காவானாலும் பீப்பிள்ஸ் பார்க்கானாலும் கடைக்காரர் நீட்டும் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பெரும்பாலான மெஷின்களில் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் பார்க்க வேண்டும். தொழிற்சாலை மெஷின் ஊசிக்குத் தண்டு முழுக்க உருண்டை. பொட்டலத்தில் ஹெச்ஏ என்று தொடங்கினால் வீட்டு மெஷினுக்கு, டிபி என்றால் தொழிற்சாலைக்கு. "எல்லா மெஷினுக்கும் போடலாம்" என்று தயங்காமல் சொல்லி விற்பார்கள். நம்பாதீர்கள்.

அதே கதைதான் இணையத்தில் ஐம்பது ஐம்பதாக விற்கும் 'யூனிவர்சல்' பாபின்களும். அப்படி ஒரு பாபின் உலகத்தில் கிடையாது. ஒரே கம்பெனியிலேயே 11.5 மில்லிமீட்டர் உயரமுள்ள பாபினும் உண்டு, 9.2 மில்லிமீட்டரும் உண்டு. மாற்றிப் போட்டால் கேஸுக்குள் ஆடும், அல்லது உரசும். பெட்டியோடு வந்த பாபினை வைத்து உயரம் ஒப்பிட்டு வாங்குங்கள். மலிவு நூல்கட்டைகளையும் அப்படியே ஒதுக்குங்கள். துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் நூலை மெல்லிய தையல் நூல் என்று விற்கிறார்கள், அதில் உதிரும் பஞ்சே தட்டை அடைத்துவிடும். பழைய பருத்தி நூல் நம் ஊர் ஈரப்பதத்தில் இற்றுப்போகும். கையால் சுண்டினால் பட்டென்று அறுகிறதா, தூக்கிப் போடுங்கள்.

நீங்கள் திருப்பிய பாபின் திருகு இப்போது எங்கே நிற்கிறதோ, அதைச் சரிசெய்தாக வேண்டும். இரும்புக் கேஸ் என்றால் பாபினைப் போட்டு நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தானாகக் கீழே ஓடினால் தளர்வு. கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். ஒரு தட்டின் மேல் வைத்துத் திருப்புங்கள், அந்தத் திருகு கீழே விழுந்தால் கிடைக்காது.

இனி டைமிங். ஊசி அடிமட்டத்துக்குப் போய், மேலே ஏறத் தொடங்கியதும் அதன் பின்பக்கம் நூல் சிறு வளையமாக விரியும். அந்த நொடியில் ஹூக்கின் முனை வந்து வளையத்தைப் பிடிக்க வேண்டும். இந்தப் பொருத்தம்தான் டைமிங். உண்மையிலேயே அது விலகுவது உண்டு, மறுக்கவில்லை. குண்டூசி மேல் வேகமாகத் தைத்து ஊசி உடைந்திருந்தால், ஜீன்ஸ் மடிப்பில் மெஷின் திணறி நின்றிருந்தால், விலகலாம். ஆனால் அப்போது பெரும்பாலும் கொத்து வராது; தையல் விட்டு விட்டு விழும், அல்லது விழவே விழாது, ஊசி உலோகத்தில் இடித்து டிக் டிக்கென்று சத்தம் வரும். பாபின் நூலை மேலே இழுக்கவே முடியாமல் போகும். ஸிக்ஸாக் போட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் விடும். புது ஊசி போட்டு, ஊசித்தட்டைக் கழற்றி, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஹூக்கின் முனை ஊசிக்குப் பின்னால் காதுக்குச் சற்று மேலே கடந்து நூலைப் பிடித்துச் செல்கிறதா? பத்துச் சுற்றிலும் பிடித்தால் உங்கள் டைமிங்குக்கு ஒன்றுமில்லை. அப்படியே விலகியிருந்தாலும் அது பெரும்பாலும் திருகைத் தளர்த்திச் சரிப்படுத்தும் வேலை. ஹூக்கின் முனை உடைந்தாலோ பள்ளம் விழுந்தாலோதான் புது ஹூக். அந்தப் பள்ளத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.

விளம்பர எண்ணில் பேசுபவர் பல நேரம் மெக்கானிக்கே இல்லை. இடையில் ஒருவர் அழைப்பை வாங்கி, வேறொருவரை அனுப்பி, இருவரும் பங்கு போடுகிறார்கள். வந்தவர் வெறும் நூலைக் கோர்த்துவிட்டு 30 வெள்ளி கேட்டால் அந்தப் பங்குக்குக் கட்டாது, அதனால்தான் ஹூக் போகிறது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பாபின் கேஸை எடுத்துக்கொண்டு போய், மட்டமானது போட்டுவிட்டுப் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மெஷின் கடையில் வாங்கி ஆறு மாதம் ஆகவில்லையென்றால் யாரையும் திறக்கவிடாதீர்கள். குறையுள்ள பொருள் வாங்கியவரைப் பாதுகாக்க 2012 செப்டம்பரில் வந்த லெமன் சட்டப்படி, அந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். முதலில் கடையில் கேளுங்கள், பிறகு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள். சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. சேவை நிலையம்தான் "பயன்படுத்துபவர் தவறு" என்று ஒரு வரி எழுதிக் கையைக் கழுவிவிடும். நூல் எப்படிக் கோர்ப்பது என்று விற்கும்போது ஐந்து நிமிடம் காட்டியிருந்தால் அந்தத் தவறே நடந்திருக்காது. கையேட்டைப் பத்து மொழியில் அச்சடிப்பவர்களுக்கு, நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் ஊரில் தமிழ் மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் சிக்கினால், மெஷினை நீங்களே ஒரு கடைக்குத் தூக்கிப் போங்கள். பழுதுபார்ப்பவர் முகத்தைப் பார்த்து, எழுத்தில் விலை வாங்கிய பிறகே விட்டுவிட்டு வாருங்கள். சிக்கிய துணித் துண்டையும் நூலையும் கூடவே கொடுங்கள். கால் பெடலை வீட்டில் மறந்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம், அதையும் பையில் போடுங்கள்.