எட்டு மதிப்பெண்

மதிப்பிற்குரிய ஐயா,

பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்த்துறை இணைப் பேராசிரியராக இருக்கிறேன். நான்கு வருடம் உட்கார்ந்து ஒரு மாட்டு வாகடச் சுவடியை, அதாவது மாட்டு வைத்திய ஏட்டை, பதிப்பித்தேன். தங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். பேராசிரியர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது அந்த நூலுக்கு எட்டு மதிப்பெண் போட்டார்கள். கட்டுரைகள் ஆறுதான் தேறின என்று கோப்பைத் திருப்பிவிட்டார்கள். என்னோடு பணியில் சேர்ந்தவர் நாற்பது கட்டுரை காட்டிப் பேராசிரியர் ஆகிவிட்டார். பாதிக்கு மேல் பணம் கட்டிப் போட்டவை என்பது துறை முழுக்கத் தெரியும். இந்த மதிப்பெண் முறையையே ஒழித்துவிட்டுத் தகுதியைப் பார்த்துப் பதவி கொடுத்தால் என்ன? இல்லை, நானும் பணம் கட்ட ஆரம்பிக்கட்டுமா?

க. (பெயர் வேண்டாம் ஐயா)

அன்புள்ள க.,

நூல் கிடைத்தது. பாதிக்கு மேல் படித்துவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

மற்ற வாசகர்களுக்காகக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இணைப் பேராசிரியர் பேராசிரியராக மூன்றாண்டுப் பணி வேண்டும், பத்து ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்று இந்த மூன்றாண்டுக்குள் வந்திருக்க வேண்டும், முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியிருக்க வேண்டும், மொத்த ஆய்வு மதிப்பெண் 110 வேண்டும். மொழித்துறைகளில் ஒரு கட்டுரைக்குப் பத்து மதிப்பெண். இந்தியப் பதிப்பகத்தில் சொந்தமாக நூல் எழுதினால் பத்து. பதிப்பாசிரியராக இருந்தால் எட்டு. உங்கள் அலுவலகம் தப்பாக ஒன்றும் போடவில்லை அம்மா. அட்டவணையில் உள்ளதைத்தான் போட்டிருக்கிறார்கள்.

அந்த அட்டவணைக்குப் ‘பதிப்பாசிரியர்’ என்றால் ஒரே அர்த்தம்தான். இருபது பேரிடம் கட்டுரை வாங்கி, முன்னுரை எழுதி, அச்சுக்கு அனுப்புகிறவர். ஏட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, பிரதிகளை ஒப்பிட்டு, எது சரியான சொல் என்று பாடம் தீர்மானிக்கிற பதிப்பாசிரியர் என்று ஒரு இனம் உண்டு என்பதே அதற்குத் தெரியாது. 1887இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். இன்றைய கணக்கில் உ.வே.சா.வுக்கும் அதே எட்டுதான். அதுவும் பதிப்பகம் எது என்று கேட்டால் போச்சு. கையொப்பம், அதாவது முன்சந்தா, திரட்டித் தானே அச்சிட்டவர் அவர்.

கட்டுரை எப்படி உற்பத்தியாகிறது என்பது உங்களுக்கே தெரியும். கருத்தரங்கில் கட்டுரை படித்தால் தேசிய அளவுக்கு மூன்று மதிப்பெண், உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் ஐந்து. அந்த இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில்தான் நம் ஊர்க் கல்லூரிகளில் நடக்கிற எல்லாக் கருத்தரங்கமும் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆனது. மலேசியாவிலிருந்து ஒருவர் ஜூமில் பத்து நிமிடம் வாழ்த்திப் பேசினால் போதும். பதிவுக் கட்டணம் கட்டினால் சான்றிதழ், மதியச் சாப்பாடு, செங்கல் கனத்தில் ஒரு கட்டுரைத் தொகுதி. அந்தத் தொகுதியில் தன் கட்டுரையைத் தவிர இன்னொன்றைப் படித்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதழ்கள் கதையும் இதுதான். மானியக் குழு 2017இல் வெளியிட்ட அங்கீகரிக்கப்பட்ட இதழ்ப் பட்டியலில் முப்பத்தெட்டாயிரத்துக்கும் மேல் இதழ்கள் இருந்தன. அதில் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பகுதியிலிருந்து 1009 இதழ்களைப் புனே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். தேறியவை 112. அப்புறம் 2018 மே மாதம் 4305 இதழ்களை நீக்கினார்கள், ‘கேர்’ என்று புதுப் பட்டியல் போட்டார்கள், 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். எது நல்ல இதழ் என்பதை இனி அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

இதையெல்லாம் வெளியில் நின்று கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. ஓய்வுபெறுவதற்கு முன் ஒரு பல்கலைக்கழகத்தின் பதவி உயர்வு நேர்காணலுக்கு வல்லுநராகப் போயிருந்தேன். பதினொரு மணிக்கு ஆரம்பித்தோம், ஒன்பது பேர், இரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும், துணைவேந்தருக்கு மாலையில் விமானம். ஆளுக்கொரு ஸ்பைரல் பைண்டிங் மூட்டை மேசையில் இருந்தது. பிரித்துப் பார்த்தால் இதழின் அட்டை, பொருளடக்கம், கட்டுரையின் முதல் பக்கம். அடுத்த இதழின் அட்டை, பொருளடக்கம், முதல் பக்கம். இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. ஒன்பது மூட்டையிலும் எந்தக் கட்டுரைக்கும் இரண்டாம் பக்கம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, நான் உட்பட. முந்திரி பக்கோடா வந்தது. “குறுந்தொகையில் எத்தனை பாட்டு?” என்று பக்கத்திலிருந்தவர் ஒருவரைக் கேட்டார். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன், பயணப்படி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைக்குத் திருப்பி அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர் உங்களைப் போல ஒரு ஆளாகக்கூட இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள வழி இல்லை, நான்தான் எதையும் படிக்கவில்லையே.

ஆனாலும் ‘மதிப்பெண்ணை ஒழித்துவிடலாம்’ என்பதில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் வயதுக்கு மதிப்பெண் வருவதற்கு முந்தைய நேர்காணல்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். 2010க்கு முன்னால் நாங்கள் ‘தகுதியைப் பார்த்துத்தான்’ பதவி கொடுத்தோம். தகுதி என்றால் யாருடைய மாணவர், எந்த ஊர், என்ன ஆள், யார் போன் செய்தார். என் மாணவர் ஒருவர், சேரியிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி, இரண்டு முறை அந்த அறைக்குள் போய் வெறுங்கையோடு வந்தார். காரணம் கேட்டால் “குழு திருப்தியடையவில்லை” என்பார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் முறையீடு கிடையாது. 2010இல் புள்ளிக் கணக்கு வந்தது. மூன்றாவது முறை தன் புள்ளிகளைக் கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். குறைத்துப் போட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பேன் என்று நேரடியாகச் சொல்லவில்லை, சொல்லக்கூடியவர் என்று அவர்களுக்குத் தெரியும். பதவி கிடைத்தது. உங்களுக்கு எட்டுப் போட்ட அட்டவணையின் முன்னோடிதான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது. எண்ணிப் பார்ப்பது வந்ததே படிப்பவர்கள் மேல் நம்பிக்கை போனதால்தான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது என் தலைமுறை.

வேடிக்கை என்னவென்றால், படித்துப் பார்த்து மதிப்பிடுவது எப்படி என்று அதே 2018 விதிமுறைக்கு நன்றாகவே தெரியும். முதுநிலைப் பேராசிரியர் என்று ஏணியின் உச்சியில் ஒரு படி வைத்திருக்கிறார்கள். பத்தாண்டு பேராசிரியராக இருந்தவர்களுக்கு, மொத்தப் பேராசிரியர் இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல். அங்கே கேட்பது ஒருவரின் மிகச் சிறந்த பத்து வெளியீடுகளை. மூன்று வெளி அறிஞர்கள் அவரது பணிகளை மதிப்பிட்டு நல்ல கருத்துச் சொல்ல வேண்டும். அறுபதை நெருங்குகிறவருக்கு மட்டும்தான் இந்த மரியாதை. நாற்பது வயதில், வேலை ஓடுகிற காலத்தில், படிக்க ஆள் இல்லை. பத்து வேண்டாம், இணைப் பேராசிரியரிடம் மூன்றைக் கேளுங்கள், வேறு மாநிலத்து ஆள் ஒருவரையாவது சேர்த்து மூன்று பேருக்கு அனுப்புங்கள், அவர்கள் எழுதுகிற மதிப்பீட்டை விண்ணப்பித்தவர் கையிலும் கொடுங்கள். மதிப்பெண் இருக்கட்டும், குறைந்தபட்ச வேலியாக. வேலியையே பயிர் என்று அறுத்துக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பறையைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒதுக்கிய வகுப்புகளில் எண்பது சதவீதம் எடுத்திருந்தால் ‘நன்று’, எழுபதுக்கு மேல் என்றால் ‘நிறைவு’. உள்ளே போய் என்ன செய்தோம் என்பதற்குக் கட்டமே இல்லை.

2025 ஜனவரியில் வந்த மானியக் குழுவின் புது விதிமுறை வரைவு இந்தப் புள்ளிக் கணக்கைத் தூக்கிவிட்டு ‘குறிப்பிடத்தக்க பங்களிப்பு’ என்று ஒன்பது வகை சொன்னது, அவற்றில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும் என்றது. துணைவேந்தர் நியமனத்தில் ஆளுநர் கை ஓங்குகிறது என்பதால் இங்கே பெரிய எதிர்ப்பு, சட்டமன்றமே தீர்மானம் போட்டது. அது நியாயமான எதிர்ப்புத்தான். அந்தச் சத்தத்தில் பதவி உயர்வுப் பகுதியை யாரும் பேசவில்லை. ஒன்பதில் ஒன்று இந்திய மொழிகளில் கற்பித்தல். தமிழ்த்துறைக்காரர்கள் காலையில் எழுந்து வகுப்புக்குப் போனாலே ஒன்று சேர்ந்துவிடும் போலிருக்கிறது! மிச்சத்தை யார், எதை வைத்து ‘குறிப்பிடத்தக்கது’ என்பார்கள்? அதே அறை, அதே பக்கோடா.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. பணம் கட்டாதீர்கள். நாற்பது கட்டுரைக்காரர் மேல் கோபப்படவும் வேண்டாம், அவருக்கும் வீட்டுக் கடன் இருக்கும். உங்களுக்குக் குறைவது நான்கு கட்டுரை. உங்கள் முன்னுரை எழுபது பக்கம். அதில் மாட்டு நோய்ப் பெயர்கள், மருந்து அளவைகள், ஏடு எழுதியவரின் வட்டார வழக்கு, இரண்டு பிரதிகளின் உறவு என்று நான்கு கட்டுரைக்கான சரக்கு முடங்கிக் கிடக்கிறது. அப்படியே வெட்டி ஒட்டாமல், ஒவ்வொன்றையும் விரித்து எழுதி, மதிப்பீட்டாளருக்கு அனுப்புகிற இதழ்களுக்குக் கொடுங்கள். ஒன்றரை வருடம் ஆகும். எரிச்சலாகத்தான் இருக்கும். செய்யுங்கள்.

இனி நூல். 61ஆம் பக்கத்தில், குளம்புப் புண்ணுக்குச் சொன்ன பாட்டில், ‘செம்பரைத்துப் பூச’ என்று பாடம் கொண்டிருக்கிறீர்கள். செம்பை ராவலாம், அரைப்பார்களா? ஏட்டில் மெய்க்குப் புள்ளியும் இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசமும் இருக்காது. அது ‘சேம்பரைத்து’ என்று இருக்கலாமே, சேப்பங்கிழங்குச் சேம்பு? இன்னொரு பிரதியில் அந்த அடி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.