வாசகர் கேள்வி பதில்: சம்பள நாள், ஆயுத பூஜை, நிச்சயத் தட்டு

கேள்வி: பி.எஃப்., வரி எல்லாம் போக மாதம் 37,500 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடனுக்கு 14,000 போய்விடும். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) எந்தத் தொகைக்குக் கணக்கு? கடன் முடிந்த பிறகு கொடுக்கலாமா? யூடியூபில் ஒரு கிறிஸ்தவ ஊழியர், ஆயிரம் ரூபாய் ‘விதைக் காணிக்கை’ அனுப்பினால் நூறு மடங்கு திரும்பும் என்கிறாரே? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: பழைய ஏற்பாட்டில் தசமபாகம் ஒரே மாதிரி சொல்லப்படவில்லை. எண்ணாகமம் 18-இல் அது ஆலயப் பணி செய்த லேவியருக்குப் போகிறது. உபாகமம் 14-இல் குடும்பமே கர்த்தருடைய சந்நிதியில் அதைச் சாப்பிட்டுச் சந்தோஷப்படுகிறது. மூன்றாம் வருஷத்தில் அதே பங்கு ஊரிலுள்ள லேவியன், பரதேசி (அந்நியன்), திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கு. புதிய ஏற்பாட்டுச் சபைகளுக்கு அப்போஸ்தலன் பவுல் சதவீதம் எதுவும் குறிக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்கச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16:2). ஆகவே பத்தில் ஒன்று நல்ல பழக்கம்தான், ஆனால் அது வரி அல்ல.

கைக்கு வரும் தொகையிலேயே கணக்கிடுங்கள்: 3,750. பி.எஃப். பணம் கைக்கு வரும்போது அதற்குரியதைக் கொடுத்துக்கொள்ளலாம். வீட்டுக் கடன் முடியட்டும் என்று 20 வருஷம் காத்திருந்தால் கொடுக்கும் பழக்கமே வராது. ஆனால் கைமாற்றோ, மாதம் 3 ரூபாய் வட்டி ஓடும் கிரெடிட் கார்டு பாக்கியோ இருந்தால் 1,875-இல் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை 500 கூட்டுங்கள். கடன் கொடுத்தவரைக் காக்க வைத்துவிட்டுக் காணிக்கைப் பெட்டியை நிரப்புவது சரியல்ல. சம்பளம் விழும் அன்றே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கொடுக்கலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. வீட்டில் அம்மா இருந்தால், அவருடைய மருந்துச் செலவில் மட்டும் கை வைக்காதீர்கள். ‘கொர்பான்’, அதாவது ‘இது தேவனுக்குக் காணிக்கை’, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது.

விதை விஷயத்துக்கு வருவோம். விதைக்கிறவன் உவமையில் விதை என்பது வசனம் (மாற்கு 4:14), பணம் அல்ல. ‘நூறத்தனையாக’ என்ற வாக்கு மாற்கு 10:30-இல், வீட்டையும் நிலத்தையும் ஆண்டவருக்காக விட்டு வந்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. அதே வசனத்தில் ‘துன்பங்களோடேகூட’ என்றும் இருக்கிறது. அந்த வார்த்தையை இப்படிப்பட்ட பிரசங்கங்களில் விட்டுவிடுகிறார்கள். பணம் தனிப்பட்ட ஒருவரின் செல்போன் எண்ணுக்குப் போகிறதா, ரசீதும் தணிக்கை செய்த வரவு செலவும் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த ஆயிரத்தை உங்கள் தெருவில் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்குக் கொடுங்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை. ஆயுத பூஜை வந்தாலே மனம் கலங்குகிறது. லீவு போட்டுவிடலாமா? (ஒரு தம்பி, கோவை)

பதில்: லீவு போடாதீர்கள் தம்பி. மெஷினைத் துடைத்து, இரும்புச் சீவலை அள்ளி, எண்ணெய் விடுவது வேலை. அதில் நீங்கள் முதல் ஆளாக நில்லுங்கள். முந்தின இரவு தாமதமானாலும் இருங்கள். பூஜையில் கலந்துகொள்ள முடியாது என்பதை ஒரு வாரம் முன்பே முதலாளியிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொன்னால் அவரை அவமதித்ததுபோல் ஆகும். அதில்தான் பலருக்குச் சிக்கல் வருகிறது.

போனஸோடு கடையிலிருந்து வாங்கித் தரும் ஸ்வீட் பெட்டியைத் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பொரி கடலையை ‘சாமிக்குப் படைச்சது’ என்று சொல்லிக் கொடுத்தால், சொன்னவருடைய மனச்சாட்சியினிமித்தம் புசியாதிருங்கள் என்பது பவுலின் ஆலோசனை (1 கொரிந்தியர் 10:28). “அண்ணே, தப்பா நினைக்காதீங்க, நான் சாப்பிடுறதில்ல” என்று கும்பிட்டுச் சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள். வாங்கிக்கொண்டு பின்னால் குப்பையில் போடுவது மட்டும் வேண்டாம். அது அவர்களுக்கும் வருத்தம், உங்களுக்கும் பொய். கிறிஸ்துமஸுக்கு அதே பட்டறைக்குக் கேக் கொண்டுபோக மறக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறோம். “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யுறத செய்யுங்க, எங்க பெரிய மருமகளுக்கு 100 பவுன் போட்டாங்க” என்கிறார்கள். ஜெபிக்கிற குடும்பம். இதுவும் வரதட்சணையா? (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: வரதட்சணைதான், அம்மா. அந்த ‘100 பவுன்’ கணக்குச் சொல்லாமல் சொன்ன கணக்கு. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் நேராகக் கேட்பது, சுற்றி வளைத்துக் கேட்பது இரண்டையும் குற்றமாகவே பார்க்கிறது. கேட்டாலே ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. கொடுத்தாலும் வாங்கினாலும் குறைந்தது ஐந்து வருஷம், அபராதம் 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, எது அதிகமோ அது.

இதில் அதிகமாக வலிப்பது நிச்சய வீட்டில் நடப்பது. பழம், பூ, வேத புத்தகம் வைத்த தட்டில் வெற்றிலைக்குக் கீழே ஒரு கவர் இருக்கும். அதன் மேல் கை நீட்டிப் போதகர் ஆசீர்வதிப்பார். அவருக்கே தெரியாமல் நடப்பதும் உண்டு. நீங்கள் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். தேதி குறிக்கும் முன், ஓலை (சபையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) கொடுக்கும் முன் பேச்சை முடியுங்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கத் தொடங்கிவிட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம் வந்துவிடும். பெண்ணைப் பெற்றவர்கள் தலையாட்டிவிடுவது அந்த மூன்று வாரத்தில்தான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துக்கொண்டு, “மகளுக்கு எங்களால் முடிந்ததை நாங்களாகப் பிரியப்பட்டுச் செய்வோம், எண்ணிக்கை பேச மாட்டோம்” என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். முகம் சுளித்தால், கல்யாணத்துக்கு முன்பே அது தெரிந்தது நல்லது.

யாரும் கேட்காமல், வழக்கப்படி, உங்கள் சக்திக்கு மீறாமல் கொடுக்கும் பரிசுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குப் பட்டியல் எழுத வேண்டும்: பொருள் என்ன, ஏறக்குறைய மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் உறவென்றால் என்ன உறவு; கீழே மணமகன், மணமகள் இருவர் கையெழுத்தும். சர்ச்சில் திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடும் அன்றே இதையும் முடித்து, ஒரு பிரதியை மகளிடம் கொடுங்கள். நகை அவள் பெயரிலுள்ள லாக்கரில் இருக்கட்டும். முதல் வருஷத்திலேயே கொழுந்தன் வியாபாரத்துக்கு அடகுக்குப் போகும் நகைகளுக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டியலும் இருப்பதில்லை. ஆனால் கேட்டதற்காகக் கொடுத்தால், அவள் பெயரில் இருந்தாலும் அது வரதட்சணைதான்.

‘சொத்துக்குப் பதிலாகத்தான் நகை’ என்று சொல்வார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நகை போட்டதால் அந்த உரிமை போய்விடாது. வட்டிக்கு வாங்கி 100 பவுன் போடுவதைவிட, அந்தப் பங்கை மகனிடமும் மகளிடமும் இப்போதே வெளிப்படையாகப் பேசி வையுங்கள்.

கேள்வி: நாற்பது நிமிடக் குடும்ப ஜெபத்தில் 15 வயது மகன் செல்போனையே பார்க்கிறான். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. பல நாள் தவறிவிடுகிறது. (ஒரு வாசகி, சென்னை)

பதில்: நாற்பது நிமிடத்தைப் பன்னிரண்டாகக் குறையுங்கள்: ஒரு கீர்த்தனைக்கு மூன்று, வாசிப்புக்கு நான்கு, ஜெபத்துக்கு ஐந்து. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம்தான். முதல் அதிகாரத்தில் 45 வசனம் இருப்பதால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். அது முடிந்ததும் 119-ஆம் சங்கீதம், எட்டெட்டு வசனமாக 22 நாள். மகனையே வாசிக்கச் சொல்லுங்கள். செல்போனில் வாசித்தாலும் பரவாயில்லை, ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டால் இடையில் மெசேஜ் வராது.

ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும். “ஆண்டவரே, கணக்குல 42 வாங்கியிருக்கான், இவனுக்குப் புத்தியைக் கொடும்” என்று ஜெபித்தால் அவன் காதில் விழுவது புகார் மட்டுமே. அப்புறம் கண்ணை மூட மாட்டான், செல்போனைத்தான் பார்ப்பான். மார்க் பேச்சை மறுநாள் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு இரவு ஷிஃப்ட் உள்ள வாரத்தில், அவர் கிளம்பும் முன் வாசலருகே நின்றபடியே 121-ஆம் சங்கீதத்தின் எட்டு வசனத்தை வாசித்து அனுப்புங்கள். இரண்டு நாள் தவறினால் சேர்த்து வாசிக்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்.