கட்டு பிரிக்கும் நேரத்து வலி: வி.ஆர்., ஹிப்னாடிசம் உதவுமா?

என் மகனுக்கு ஒன்பது வயது. கொதிக்கிற ரசம் கொட்டி இரண்டு தொடையிலும் புண். கட்டு மாற்றுகிற அன்று காலையிலிருந்தே அழ ஆரம்பித்துவிடுகிறான். கண்ணில் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) கருவி மாட்டினால் வலி குறையும் என்கிறார்கள். இது குழந்தையை ஏமாற்றும் வேலைதானே?
– ஒரு தாய், வடபழனி

ஏமாற்று வேலை இல்லை அம்மா. காலையிலேயே அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. தீக்காய வார்டில் டிரெஸ்ஸிங் டிராலி உருண்டு வரும் சத்தம் கேட்டதுமே பெரியவர்கள்கூடக் கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். ஒட்டிப்போன காஸ் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல எடுக்கத் தொடங்கும் முன்பே உடம்பு விறைத்திருக்கும். பயத்தோடு அதையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு வலி கூடுதலாகத்தான் தெரியும். வலியை உணரவும் மூளைக்குக் கவனம் தேவை. அந்தக் கவனத்தை வி.ஆர். கருவி கண்முன் காட்டும் வேறோர் உலகம் இழுத்துக்கொண்டால் வலி குறைவாகவே உறைக்கும்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் இதை ஆராய்ந்தார்கள். 2000-ல் வெளியான அவர்களுடைய முதல் ஆய்வில் இருந்தவர்கள் 16, 17 வயதுப் பையன்கள் இருவர்தான். சாதாரண வீடியோ கேம் ஆடியபோது சொன்னதைவிட, வி.ஆர். மாட்டியிருந்தபோது வலி வெகுவாகக் குறைந்ததாகச் சொன்னார்கள். தீக்காயம் பட்டவர்களுக்கென்றே அந்தக் குழு உருவாக்கிய ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற வி.ஆர். விளையாட்டில் வருவது ஒரு பனிப் பள்ளத்தாக்கு. பென்குவின்கள் மீதும் பனி மனிதர்கள் மீதும் பனி உருண்டை எறிந்துகொண்டே போக வேண்டும். நெருப்பை நினைவூட்டும் எதுவும் அங்கே கிடையாது. 2004-ல், உடல்நலமுள்ள தன்னார்வலர்களுக்குச் சூடு கொடுத்து மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். வி.ஆர். பார்த்துக்கொண்டிருந்தபோது, வலியோடு தொடர்புடைய ஐந்து பகுதிகளின் செயல்பாடு குறைந்திருந்தது. அதனால் உங்கள் மகன் “இன்னிக்கு அவ்வளவா வலிக்கல” என்றால் தாராளமாக நம்புங்கள். ஒன்று மட்டும்: கருவியைக் கழற்றியதும் பலன் பெரும்பாலும் நின்றுவிடும். இரவு வலிக்கு மருந்துதான்.

தொழிற்சாலை விபத்தில் தம்பியின் இரண்டு கைகளும் வெந்துவிட்டன. ஹிப்னாடிசம் செய்து பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அவன் தன் வசத்தில் இருப்பானா? மனதில் உள்ளதையெல்லாம் உளறிவிடுவானா?
– அண்ணன், அம்பத்தூர்

மேடையில் ஆளை மயக்கிக் கோமாளியாக்கும் காட்சிகளைப் பார்த்து வந்த பயம் இது. மருத்துவமனையில் நடப்பது வேறு. தம்பி தூங்கமாட்டார், பேசுவது அத்தனையும் கேட்கும், வேண்டாம் என்றால் அந்தக் கணமே எழுந்துகொள்ளலாம். பயிற்சி பெற்ற மனநல மருத்துவரோ உளவியல் நிபுணரோ அவர் மூச்சையும் உடம்பையும் தளர்த்தி, “நர்ஸ் தோளைத் தொட்டதும் உடம்பு தளர்ந்து லேசாகும்” என்பது போன்ற யோசனைகளை மனதில் ஊன்றுவார். இதைக் கட்டு மாற்றுவதற்கு முன்பே செய்துவிடலாம் என்பது பெரிய வசதி.

மான்ட்ரியலில் பியர் ரெய்ன்வில் குழு 1997-ல் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஹிப்னாடிச நிலையில், வலியின் கொடுமை குறைவதாக யோசனை சொன்னபோது, வலியின் துன்பத்தை உணரும் மூளைப் பகுதியின் செயல்பாடும் அதற்கேற்ப மாறியது. அதே ஆண்டில் பேட்டர்சன் குழு, தீக்காயம் பட்டவர்களில் தொடக்கத்திலேயே கடுமையான வலி இருந்தவர்களுக்குத்தான் ஹிப்னாடிசம் அதிகம் உதவியது என்று கண்டது. வலி தாங்காமல் துடிப்பவருக்கு இதெல்லாம் எடுபடாது என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. ஈதர் மயக்க மருந்து உலகுக்குத் தெரியவந்த 1846-க்கு முந்தைய ஆண்டே, வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் இதன் முன்னோடியான மெஸ்மெரிச முறையில் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

எல்லோருக்கும் ஒரே அளவில் பலிக்காது. சிலர் எளிதில் ஆழ்ந்துவிடுவார்கள், சிலருக்கு ஒன்றுமே ஆகாது. அது தம்பியின் குறை அல்ல.

இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?
– பெரம்பூர் வாசகர்

செய்திருக்கிறார்கள். நோயாளி பனிப் பள்ளத்தாக்கில் மெல்ல இறங்க இறங்க, பதிவு செய்த குரல் யோசனைகளைச் சொல்லும். கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சிரமப்படுபவர்களுக்குக் காட்சியே கண்முன் வந்துவிடுகிறது. ஆனால் தனித்தனியாகச் செய்த ஆய்வுகள் அளவுக்கு இதில் இன்னும் நடக்கவில்லை.

இவற்றைச் செய்தால் மார்ஃபின் வலி மருந்தை நிறுத்திவிடலாமா? அப்பா அடிமையாகிவிடுவாரோ என்று பயம்.
– மகள், தாம்பரம்

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். வி.ஆர்., ஹிப்னாடிசம் இரண்டும் மருந்தோடு சேர்ந்துதான், மருந்துக்குப் பதிலாக அல்ல. தீக்காய வலிக்கு, மருத்துவர் மேற்பார்வையில், தேவையான நாட்களுக்கு மட்டும் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கும் மார்ஃபினால் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. வலிக்குப் பயந்து விரலை மடக்கி நீட்டாமல் விட்டால் தோல் சுருங்கி மூட்டு இறுகிவிடும். அதைச் சரிசெய்யப் பிறகு இன்னோர் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். அந்தப் பயத்தையும் அப்பாவுக்காகப் படுங்கள்.

விளையாட வாங்கிய வி.ஆர். கருவி வீட்டில் இருக்கிறது. வார்டுக்கு எடுத்துப் போகலாமா?
– அண்ணா நகர் வாசகர்

வார்டு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். முகத்தில் படும் ஸ்பாஞ்சில் கிருமி தங்கும். தோல் போன உடம்புக்குத் தொற்றுதான் முதல் எதிரி. முகத்திலோ தலையிலோ புண் இருந்தால் மாட்டவே கூடாது. வலிப்பு நோய் இருந்தவர்களும், தலைசுற்றல், வாந்தி உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். மெட்டா குவெஸ்ட் என்ற வி.ஆர். கருவிக்குத் தயாரிப்பாளர் வைத்திருக்கும் வயது வரம்பு 10. அதற்குக் குறைந்த குழந்தைகள் என்றால் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கணவரை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வி.ஆர். எல்லாம் இல்லை. நாங்கள் என்ன செய்வது?
– மனைவி, வியாசர்பாடி

நிறையச் செய்யலாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையைப் போல வருடக்கணக்கில் தீக்காயம் பார்த்துப் பழகிய வார்டுகள் நம் ஊரில் இருக்கின்றன. அங்கே உள்ளவர்களிடம் கூச்சப்படாமல் பேசுங்கள். நாளை எத்தனை மணிக்குக் கட்டு மாற்றுவார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். வலி மருந்து மாத்திரை என்றால் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். கட்டைப் பிரித்த பிறகு விழுங்கிப் பயனில்லை. “பத்துக்கு எவ்வளவு வலி?” என்று கேட்டு, அவர் சொல்லும் எண்ணை நர்ஸிடம் சொல்லுங்கள். எட்டு, ஒன்பது என்றால் மருந்தைக் கூட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

அனுமதித்தால் இயர்போனில் அவருக்குப் பிடித்த பாட்டையோ பழைய கிரிக்கெட் மேட்சையோ போட்டுவிடுங்கள். புண்ணைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மூச்சை நீளமாக விடச் சொல்லுங்கள். “ஆம்பள, பொறுத்துக்க” என்று மட்டும் யாரையும் சொல்லவிடாதீர்கள். “நிறுத்துங்க” என்று அவர் கை தூக்கினால் ஒரு நிமிடம் நிறுத்துவதாக நர்ஸிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.