மட்டக்குதிரைக் கதைகளில் எது முதலிடம்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குதிரைகளைப் பற்றிய சிறுவர் நாவல்களில் எது சிறந்தது என்பதில் எங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. எனக்குப் பள்ளி நாட்களிலிருந்தே ‘பிளாக் பியூட்டி’தான் முதலிடம். மார்கரெட் ஹென்றியின் ‘மிஸ்டி ஆஃப் ஷின்கடீக்’ நாவலுக்கு இணையே கிடையாது என்கிறாள் என் தங்கை. பதினொரு வயதாகும் என் மகளோ, ரூபி ஃபெர்குசன் எழுதிய ஜில் கதைகளைத் தவிர வேறு எதையும் ஏற்க மறுக்கிறாள். நாங்கள் இருவரும் சொல்பவை அழுகைக் கதைகள் என்பது அவளுடைய வாதம். உங்கள் தேர்வு எது? மகளுக்கு ‘பிளாக் பியூட்டி’யின் சுருக்கப் பதிப்பை வாங்கிக் கொடுக்கலாமா என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ம., கோவை

அன்புள்ள ம. அவர்களுக்கு,

நீங்கள் மூவரும் மூன்று வெவ்வேறு வகை நூல்களை முன்வைக்கிறீர்கள். விவாதம் முடியாமல் நீள்வதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். இவற்றை ஒப்பிடும்போது நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: குதிரையை நேசிப்பதற்கும் அதைப் பராமரிக்கத் தெரிந்திருப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இந்தக் கதை அறிந்திருக்கிறதா?

‘பிளாக் பியூட்டி’ அதை ஆழமாக அறிந்த நூல். பதினான்கு வயதில் கீழே விழுந்து கால்களில் அடிபட்ட அதன் ஆசிரியர் அன்னா சூயெல், அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் சரியாக நடக்க முடியாமல், எங்கு செல்வதற்கும் குதிரை வண்டியையே நம்பியிருந்தார். படுத்த படுக்கையாகிவிட்ட இறுதி ஆண்டுகளில், சில பகுதிகளைத் தாயிடம் வாயால் சொல்லி எழுதவைத்து முடித்த இந்த ஒரே நாவல் 1877ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயிற்று. அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துபோனார். குழந்தைகளை மனத்தில் வைத்து அவர் இதை எழுதவில்லை. லாயக்காரர்களும் வண்டியோட்டிகளும் குதிரையைக் கனிவோடும் அறிவோடும் நடத்த வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

ஜிஞ்சர் என்ற குதிரையின் துயர முடிவைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஜோ கிரீன் என்ற சிறுவன் வரும் அத்தியாயத்தை. எஜமானியம்மாள் நோயுற்ற இரவில் மருத்துவரை அழைத்து வர வேகமாக ஓடித் திரும்பிய பியூட்டியின் உடலிலிருந்து ஆவி பறக்கிறது. லாயத்தில் அந்த நேரம் ஜோ மட்டுமே இருக்கிறான். கால்களையும் மார்பையும் தேய்த்துவிடுகிறான். இவ்வளவு சூடான குதிரைக்குக் கம்பளி பிடிக்காது என்று எண்ணிப் போர்த்தாமல் விடுகிறான். ஒரு வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, வைக்கோலும் தானியமும் போட்டுவிட்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்ட நிறைவோடு போய்விடுகிறான். பியூட்டி நுரையீரல் அழற்சி கண்டு சாவின் விளிம்புவரை போகிறது. பையன் தெரியாமல்தானே செய்தான் என்று அவனுடைய தந்தை மன்றாடும்போது, கொடுமைக்கு அடுத்தபடியாக உலகில் மோசமானது அறியாமைதான் என்று குதிரைக்காரர் ஜான் கொதிக்கிறார். ஜோவிடம் அன்புக்குக் குறைவே இல்லை. அந்த அன்புதான் குதிரையைச் சாகடிக்கப் பார்த்தது. இதற்குப் பின் வந்த நல்ல மட்டக்குதிரைக் கதைகள் எல்லாம் இந்த ஒரு இரவின் பாடத்தைத்தான் விரித்து எழுதியிருக்கின்றன என்பது என் கருத்து.

(பியூட்டி மட்டக்குதிரை அல்ல, முழு உயரக் குதிரை. அந்த நூலிலுள்ள மட்டக்குதிரை மெர்ரிலெக்ஸ்தான். நேரம் காலம் இல்லாமல் சவாரி செய்து குச்சியால் அடிக்கும் பையன்களை, பின்னங்கால்களில் எழுந்து நின்று மெல்லப் பின்பக்கமாகச் சரியவிடும் அதன் பொறுமையான கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்தமானது.)

‘பிளாக் பியூட்டி’யில் போலக் குதிரை தன் கதையைத் தானே சொல்லும் மரபு நெடுங்காலம் நீடித்தது. ஜொஅன்னா கேனன் 1936இல் எழுதிய ‘எ போனி ஃபார் ஜீன்’ நாவல்தான், கதையின் மையத்துக்குச் சிறுமியைக் கொண்டுவந்தது. குடும்பத்தின் செல்வம் கரைந்து கிராமத்துக்கு வந்துசேரும் ஜீனுக்கு, விலா எலும்புகள் தெரிய மெலிந்து நிற்கும், உறவினர் வீட்டில் யாருக்கும் வேண்டாத ஒரு குதிரை கிடைக்கிறது. அதைத் தேற்றி, அதனோடு சேர்ந்து தானும் சவாரி கற்றுக்கொள்வதுதான் கதை.

கேனனின் மூன்று மகள்களும் மட்டக்குதிரைக் கதைகளையே எழுதினார்கள். மூத்தவரான ஜோசஃபின் புல்லைன்-தாம்சனின் ‘சிக்ஸ் போனீஸ்’ (1946) இந்த வகையின் மிக நேர்மையான நூல்களில் ஒன்று. ஒரு போனி கிளப்பை, அதாவது குதிரையேற்றம் பயிலும் சிறுவர் சங்கத்தைச் சேர்ந்த பிள்ளைகளிடம், இதுவரை யாரும் ஏறாத, நியூ ஃபாரஸ்ட் என்ற ஆங்கிலேய இனத்து மட்டக்குதிரைகள் ஆறு பழக்குவதற்காக ஒப்படைக்கப்படுகின்றன. தம்மால் எல்லாம் முடியும் என்று நம்பும் பிள்ளைகள் அவசரத்தால் குதிரையைக் கெடுத்துக்கொள்ள, தன் திறமையில் எப்போதும் சந்தேகம் கொண்ட நோயல் என்ற சிறுமி பொறுமையால் அதைத் தன்வசப்படுத்துகிறாள். ஒவ்வொரு பிள்ளையின் குணமும் ஒவ்வொரு குதிரையின் நடையில் வந்து உட்காருவதை இவ்வளவு துல்லியமாகக் காட்ட, தங்கைகளோடு சேர்ந்து குதிரையேற்றப் பள்ளி நடத்திய அனுபவம் அவருக்குக் கைகொடுத்திருக்கிறது.

உங்கள் மகளின் ஜில் இந்த வழியில் வந்தவள்தான். 1949இல் தொடங்கிய ஒன்பது நூல்களின் சிரிப்புக்குள் பணக்கவலை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தந்தை இல்லை, தாய் கதை எழுதிச் சம்பாதிப்பதுதான் வருமானம். சவாரியே தெரியாத ஜில்லுக்குக் கற்றுக்கொடுப்பவர், சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் விமானி மார்ட்டின் லோவ். அழவைக்காமலே இவ்வளவையும் சொல்லிவிடுகிறார் ஃபெர்குசன். உங்கள் மகள் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறாள்.

‘மிஸ்டி’யில்தான் நான் உங்கள் தங்கையிடமிருந்து சற்று விலகுகிறேன். வர்ஜீனியா கடற்கரையின் அசட்டீக் தீவில் காட்டுத்தனமாகத் திரியும் குதிரைகளை ஆண்டுதோறும் ஜூலையில் கால்வாயை நீந்தவைத்து ஷின்கடீக்குக்கு ஓட்டிவந்து, குட்டிகளை ஏலம் விட்டு, அந்தப் பணத்தைத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. 1947இல் வந்த இந்த நாவலில், நீர்ச்சுழலில் சிக்கிய குட்டி மிஸ்டியைக் காக்கச் சிறுவன் பால் குதிக்கும் பக்கங்களும், தாய்க்குதிரை ஃபேன்டமை இறுதியில் அவனே தீவுக்குத் திரும்பவிடும் பக்கங்களும் மறக்க முடியாதவை. ஆனால் அங்கே மனத்தை நிறைப்பவை கடலும் விடுதலையும். அன்றாடப் பராமரிப்பின் தடுமாற்றங்கள் மெலிதாகவே வருகின்றன. நிஜ மிஸ்டி என்ற குட்டி இருந்தது. ஹென்றி அதை 150 டாலருக்கு வாங்கி இல்லினாய் மாநிலத்தில் தம் வீட்டில் பல ஆண்டுகள் வளர்த்தார். அந்த வளர்ப்பின் அனுபவம் நாவலுக்குள் இன்னும் அதிகமாக இறங்கியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

என் முதலிடம் கே. எம். பெய்டனின் ‘ஃப்ளை-பை-நைட்’ (1968) நாவலுக்கு. புதிதாக எழுந்த குடியிருப்புப் பகுதியில் வசிக்கும், வசதியற்ற வீட்டுப் பெண்ணான ரூத், சேர்த்து வைத்த 40 பவுண்டில் பழக்கப்படாத நியூ ஃபாரஸ்ட் குதிரை ஒன்றை வாங்கிவிடுகிறாள். சேணம் வாங்கப் பணமில்லை. பழக்கும் முறையும் தெரியாது. அவளுடைய அன்பைக் குதிரை சட்டை செய்வதும் இல்லை. அவள் கேட்டுக் கற்று, தோற்று, மறுபடி முயல்கிறாள். ஜோ கிரீன் வளர்ந்து பெரியவனாகும் ஆண்டுகளைச் சூயெல் கதைக்கு வெளியே விட்டுவிட்டார், பெய்டன் அந்த ஆண்டுகளையே ஒரு முழு நாவலாக்கியிருக்கிறார்.

சுருக்கப் பதிப்பு வேண்டாம். ‘பிளாக் பியூட்டி’யின் நாற்பத்தொன்பது அத்தியாயங்களும் குறுகியவை, ஜில்லைப் படிக்கும் பெண்ணுக்கு முழு நூல் சுமையாக இராது. ஆனால் அதற்கு முன் ‘ஃப்ளை-பை-நைட்’டைக் கொடுங்கள், அதில் அழுகை குறைவு. ஜிஞ்சரின் அத்தியாயத்தை அவள் எட்டும் நாளில் நீங்கள் பக்கத்தில் இருப்பது நல்லது.

அன்புடன்.