நாற்காலி மட்டும் ஏன் மறையவில்லை?

கேள்வி: வேறொருவர் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த கோப்பு என் கைக்கு வந்திருக்கிறது. மொத்தம் 140 லேயர்கள் (வரைபட அடுக்குகள்). மரச்சாமான் லேயரை ஆஃப் செய்தாலும் நாற்காலிகள் அப்படியே நிற்கின்றன. காலியாகத் தெரியும் லேயர்களை நீக்க முடியவில்லை. போதாக்குறைக்கு, மின் இணைப்பு லேயரை ஆஃப் செய்துவிட்டு, மற்றதை அழிப்பதற்காக 'ஆல்' (எல்லாவற்றையும் தேர்ந்தெடு) கொடுத்தேன். மின் இணைப்பும் சேர்ந்து போய்விட்டது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: கடைசியில் சொன்னதை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். கோப்பை இன்னும் மூடவில்லை என்றால் அண்டூ போதும். அழித்த பிறகு ஒரே ஒருமுறை சேமித்திருந்தால், வழக்கமாக அதே ஃபோல்டரில் பாக் என்ற பின்னொட்டோடு முந்தைய வடிவம் இருக்கும். அதை நகலெடுத்து, பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறங்கள். அதற்குள் மறுபடி சேமித்துவிடாதீர்கள், அதுவும் போய்விடும்.

ஆஃப் என்பது கண்ணுக்கு மட்டும்தான் மறைப்பு. 'ஆல்' கொடுத்தால் ஆஃப் ஆன லேயரில் இருப்பவையும் பிடிபடும். ஃப்ரீஸ் (கண்ணுக்கும் தேர்வுக்கும் சேர்த்து மறைப்பது) செய்திருந்தால் தப்பித்திருக்கும். லாக் (மாற்ற முடியாதபடி பூட்டுவது) செய்திருந்தாலும் தப்பித்திருக்கும், ஆனால் கோடுகள் கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கும். ஸ்னாப் (கோட்டின் முனை போன்ற துல்லியமான புள்ளி) பிடிக்கவும் உதவும். நடப்பு லேயரை மட்டும் ஃப்ரீஸ் செய்ய முடியாது.

சரி, நாற்காலிக்கு வருவோம். அது பெரும்பாலும் ஒரு பிளாக், அதாவது பல கோடுகளை ஒன்றாகக் கட்டிய ஒரே பொருள். பிளாக்கை மரச்சாமான் லேயரில் வைத்திருப்பார்கள்; உள்ளே இருக்கும் கோடுகளோ வேறு ஏதோ லேயரில் வரையப்பட்டிருக்கும். வெளி லேயரை ஆஃப் செய்தால் உள்கோடுகள் கண்டுகொள்வதே இல்லை. ஃப்ரீஸ் செய்து பாருங்கள், நாற்காலி முழுசாக மறையும். நீக்க மறுக்கும் 'காலி' லேயர்களிலும் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்: ஏதாவது ஒரு பிளாக்கின் வரையறைக்குள் அந்த லேயர் ஒளிந்திருக்கும். வரைபடத்தில் எங்குமே வைக்கப்படாத பிளாக்காக இருந்தாலும் போதும், லேயர் நகராது. அதனால் பர்ஜ் (பயன்படாதவற்றை நீக்கும் கட்டளை) செய்யும்போது முதலில் பயன்படாத பிளாக்குகள், அப்புறம் லேயர்கள்.

நிரந்தரத் தீர்வு, பிளாக் எடிட்டரில் நாற்காலியைத் திறந்து உள்ளே இருப்பதை எல்லாம் 0 லேயருக்கு மாற்றி, நிறத்தையும் கோட்டு வகையையும் பைலேயர் (லேயரின் குணப்படி) ஆக்குவது. 0 லேயரில் உள்ள கோடுகள், பிளாக்கை எந்த லேயரில் வைக்கிறோமோ அதன் குணத்தை எடுத்துக்கொள்ளும். பிளாக்குக்கு வெளியே எதையும் 0-வில் வரையாதீர்கள் என்று நான் நச்சரிப்பதும் இதனால்தான். கோட்டுக்குக் கோடு கையால் நிறம் கொடுத்திருந்தால், செட்பைலேயர் கட்டளை ஒரே மூச்சில் சரிசெய்யும். பிளாக்குகளையும் சேர்க்கவா என்று கேட்கும், ஆம் சொல்லுங்கள்.

140 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் மிரள வேண்டாம். தனியாக மறைக்கவோ, தனித் தடிமனில் அச்சிடவோ தேவையில்லாத லேயர்களை மட்டும் லேயர் மெர்ஜ் கொண்டு மற்றொன்றோடு இணையுங்கள். டெஃப்பாயின்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். முதல் அளவுக்கோடு (டைமென்ஷன்) போட்டதுமே தானாக வந்தது, அச்சில் வராது, அதை விட்டுவிடுங்கள். கட்டளைப் பட்டியலில் லேயர் மெர்ஜுக்குப் பக்கத்திலேயே லேயர் டெலீட் என்ற கட்டளையும் கண்ணில் படும். அது லேயரோடு அதில் உள்ள கோடுகளையும், பிளாக்குக்குள் இருப்பவை உட்பட, அழித்துவிடும். நகல் ஒன்று எடுத்து வைக்காமல் அதன் பக்கம் போகாதீர்கள்.