பிரியாணில கரப்பான், ஆப்காரங்க குடுத்தது 75 ரூபா கூப்பன்: யார் மேல புகார் பண்றது?

கேள்வி: போன மாசம் ஒரு டெலிவரி ஆப்ல சிக்கன் பிரியாணி ஆர்டர் பண்ணோம். பாதி சாப்பிட்டப்புறம் உள்ள கரப்பான் பூச்சி. ராத்திரியே என் வீட்டுக்காரருக்கு வாந்தி, ட்ரிப்ஸ் ஏத்தற அளவுக்குப் போயிடுச்சு. ஆப்ல கேட்டா "நாங்க வெறும் பிளாட்ஃபார்ம்தான்"னு 75 ரூபா கூப்பன் குடுத்தாங்க, கடைக்குப் போன் பண்ணா "ஆப்லயே சொல்லுங்க"ங்கறாங்க. போட்டோ இருக்கு. என்ன பண்றது? – வாசகி, திருச்சி

பதில்: முதல்ல வீட்டுக்காரர் தேறிட்டாருன்னு நம்பறேன்மா. "வெறும் பிளாட்ஃபார்ம்"னு சொல்லி உங்கள அனுப்பினாங்க பாருங்க, அத அப்படியே ஏத்துக்காதீங்க. நாட்டோட உணவு பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2017-லயே ஆன்லைன்ல சாப்பாடு விக்கறவங்களுக்குன்னு தனியா விதி போட்டாச்சு, அதுப்படி ஆப்புக்கும் லைசென்ஸ் வேணும், ஒவ்வொரு கடையோட 14 இலக்க லைசென்ஸ் நம்பரையும் ஆப்ல காட்டணும், சாப்பாட்டோட பாதுகாப்பு பத்தி புகார் வந்தா உடனே அந்தக் கடைக்கும் தெரியப்படுத்தணும். அதோட 2020 இ-காமர்ஸ் விதிகள்ல ஒவ்வொரு ஆப்பும் குறைதீர் அதிகாரி ஒருத்தர வெச்சுருக்கணும்னு இருக்கு, அவர் 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வெக்கணும். நீங்க பேசினது சாட்ல இருக்கற பையன்கிட்ட, அதிகாரிகிட்ட இல்ல. அவரோட மெயில் ஐடி ஆப்லயே அடில எங்கயாவது இருக்கும், அதுக்கு எழுத்துல அனுப்புங்க.

2019-ல புனேல ஒரு வக்கீல் பனீர் பட்டர் மசாலா கேட்டு பட்டர் சிக்கன் வந்த கேஸ்ல, நுகர்வோர் மன்றம் ஆப், ஹோட்டல் ரெண்டையும் சேர்த்தே 55,000 ரூபா கட்டச் சொல்லுச்சு. அதனால நீங்களும் ரெண்டு பேரையும் எதிர்தரப்பா போடுங்க, யார் எவ்வளவுன்னு மன்றம் பாத்துக்கட்டும்.

இதுல ரெண்டு வழி இருக்கு, நிறைய பேர் இத ஒண்ணுன்னு நெனச்சுக் குழப்பிக்கறாங்க. உணவு பாதுகாப்புத் துறைக்குப் புகார் (வாட்ஸ்அப் 94440 42322) பண்ணா ஆபீசர் அந்தக் கிச்சனுக்கே போய்ப் பாப்பாரு, சாப்பாட்டுல பூச்சி மாதிரி வேத்துப் பொருள் இருந்தா சட்டத்துல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் இருக்கு, ஆனா அது அரசாங்கத்துக்குப் போற காசு. உங்களுக்கு ஆஸ்பத்திரி செலவும் நஷ்டஈடும் வேணும்னா நுகர்வோர் ஆணையம்தான் (முன்னாடி நுகர்வோர் மன்றம்னு சொன்னாங்களே, அதேதான்). திருச்சிலயே போடலாம், ஆப் கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி, நுகர்வோர் கேஸ் போடறதுக்கான அரசாங்கத்தோட இ-ஜாக்ரிதி தளத்துல ஆன்லைன்லயும் போடலாம், வக்கீல் கட்டாயம் இல்ல, நீங்க குடுத்த பிரியாணி காசுக்கு கோர்ட் ஃபீஸும் கெடையாது. அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்க, பல பிரச்சன அங்கயே முடிஞ்சிடும்.

கேஸ் நிக்கறது ஆதாரத்துலதான். கரப்பான் மட்டும் தெரியற போட்டோ பத்தாது, டப்பா, கவர்ல ஒட்டின பில், அதுல ஆர்டர் நம்பர் எல்லாம் ஒரே போட்டோல இருந்தாதான் "இது எங்க பார்சலே இல்ல"ன்னு யாரும் சொல்ல முடியாது. உங்க போட்டோல பில் இல்லேன்னா பயப்படாதீங்க, போன்ல பதிவான தேதி நேரமும் ஆர்டர் ஹிஸ்டரியும் சேர்ந்தாலே ஓரளவு தாங்கும். ஆஸ்பத்திரி சீட்டுல "வெளிச்சாப்பாடு சாப்பிட்டதுக்கப்புறம் வாந்தி"ன்னு டாக்டர் எழுதியிருக்காரான்னு பாருங்க, இல்லேன்னா டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டு வாங்குங்க, பூச்சிக்கும் வாந்திக்கும் நடுவுல இருக்கற இணைப்பு அந்த ஒரு வரிதான், அது இல்லாம கேஸ் ரொம்ப பலவீனம்.

கூப்பன் வந்ததால உரிமை போயிடாது, ஆனா "பிரச்சன தீர்ந்தது"ன்னு மட்டும் எங்கயும் அமுக்காதீங்க.

கேஸ் போட டைம் ரெண்டு வருஷம் இருக்கு, அதுக்காகத் தள்ளிப் போடாதீங்க. ஹோட்டலே இல்லாம கிச்சன் மட்டும் நடத்தறவங்க ஒரே அடுப்புல சமைச்சு நாலு கடைப் பேர்ல விப்பாங்க, ரேட்டிங் கெட்டா பேர மாத்திடுவாங்க. கடையோட முழு முகவரிய நீங்க எழுத்துல கேட்டா ஆப் குடுத்தே ஆகணும், அதே 2020 விதிதான். இன்னிக்கே கேளுங்க, அந்த 14 இலக்க நம்பர் தெரியற பக்கத்தையும் கடைப் பேரோட ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க.