36 வயசு ஃபுட்பால் லைன்மேன்: எடுக்கலாமா, விடலாமா?

கேள்வி: சார், அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி ஒரு கேள்வி. நான் ஃபாலோ பண்ற என்எஃப்எல் டீமுக்கு இந்த சீசன் ரன் டிஃபென்ஸ்னு, அதாவது பாலைத் தூக்கிட்டு ஓடறவனைத் தடுக்கற வேலைன்னு ஒண்ணே இல்ல, நடுவுல கதவைத் திறந்து வச்ச மாதிரி எல்லாரும் ஓடறாங்க. ஒரு காலத்துல கலக்கின டிஃபென்சிவ் டேக்கிள் (தடுப்பு வரிசை நடுவுல நிக்கற ஆள்) ஒருத்தர், வயசு 36, எந்த டீம்லயும் இல்லாம சும்மா இருக்கார். யானை படுத்தாலும் குதிரை மட்டம், அவரை எடுக்கணும்னு நான் சொல்றேன். அந்த இடத்தை ரெண்டாவது வருஷப் பையனுக்குக் குடுக்கணும்னு என் மச்சான் சண்டைக்கு வரான். யார் சொல்றது சரி?

பதில்: எடுக்கலாம்ங்க. ஆனா யானை குதிரை கணக்குல எடுத்தா ஏமாந்துடுவீங்க. அந்தப் பேரையும் பழைய ஹைலைட்ஸையும் மறந்துட்டு, ஒரு கேமுக்கு இருபது இருபத்தஞ்சு ஸ்னாப் (பால் ஆட்டத்துக்கு வந்து ஒரு பிளே ஆரம்பிக்கறது) நடுவுல நகராம நிக்க ஒரு ஆள் வேணும், அதுக்கு இவர் சரிப்படுவாரான்னு மட்டும் பாருங்க. டிஃபென்ஸ் ஒரு கேம்ல சுமாரா 60, 65 ஸ்னாப் ஆடும், அதுல பாதிக்கு மேல இந்த வயசு ஆளை நிக்க வச்சா நவம்பர் மாசம் முட்டி போயிடும், அப்புறம் அவரும் இல்ல, பையனும் பழகியிருக்க மாட்டான்.

இந்த வேலையை டிவில யாரும் சரியா பாக்கறதே இல்லைங்கறது எனக்கு ரொம்ப நாளா வருத்தம், ஏன்னா நம்ம கண்ணு பால் பின்னாடியே போயிடும். அடுத்த கேம்ல ஒரு பத்து பிளேக்கு பாலை விட்டுட்டு நட்டநடுவுல நிக்கற டேக்கிளை, நோஸ் டேக்கிள்னு சொல்வாங்க, அவரை மட்டும் பாருங்க. ஸ்னாப் ஆன உடனே எதிர் டீமோட சென்டரும் பக்கத்துல நிக்கற கார்டும் சேந்து, ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல, அந்த ஒருத்தர் மேல வந்து மோதுவாங்க. அவர் ரெண்டடி பின்னாடி போனா பிளே முடிஞ்சது, பின்னாடி நிக்கற சொந்த லைன்பேக்கர் வழியையே அவர் அடைச்சிடுவார். விவரம் தெரிஞ்ச பழைய ஆள் என்ன பண்ணுவார்னா, மோதறதுக்கு முன்னாடியே இடுப்பைத் தாழ்த்தி ஒரு தோளை ரெண்டு பேருக்கும் நடுவுல செருகிடுவார், அதுவும் தாங்கலன்னா ஒரு முட்டியைத் தரையில ஊனி அங்கேயே குவியலா விழுந்து வழியை மூடிடுவார். ஸ்டாட்ஸ்ல அவர் பேருக்கு எதுவும் ஏறாது, ஆனா லைன்பேக்கர் ஃப்ரீயா வந்து ரன்னரை ஒரு யார்டுல அமுக்கியிருப்பார். இந்த வித்தை வயசானா சட்டுனு போகாது. போறது முதல் அடியோட வேகம், அது பாலை வீசற குவாட்டர்பேக்கைத் துரத்தறதுக்குத்தான் அதிகமா வேணும்.

இதுக்கு நல்ல உதாரணம் 2022 ஈகிள்ஸ் டீம். எட்டு கேம் தொடர்ந்து ஜெயிச்சாங்க, நடுவுல நின்ன முதல் வருஷத்து ரெண்டாவது சீசன் பழகாத ரூக்கி ஜோர்டன் டேவிஸ் கணுக்கால் அடிபட்டு வெளிய போனார், வாஷிங்டன் டீம் வந்து 49 தடவை ஓடி 152 யார்டு எடுத்து 32-21னு அந்த சீசனோட முதல் தோல்வியைக் குடுத்தாங்க. அதே வாரத்துல ஈகிள்ஸ் 34 வயசு லின்வல் ஜோசஃபையும் 35 வயசு இண்டமுகன் சூவையும் கூட்டிட்டு வந்தாங்க, ரெண்டு பேரும் அப்ப எந்த டீம்லயும் இல்ல. ரொட்டேஷன்ல கொஞ்சம் கொஞ்சம் ஸ்னாப்தான் குடுத்தாங்க, டீம் 14 வெற்றி, 3 தோல்வின்னு முடிச்சு சூப்பர் பௌல் வரைக்கும் போச்சு. அங்க சீஃப்ஸ்கிட்ட 38-35னு தோத்தாங்க, அந்த ராத்திரி சீஃப்ஸ் குவாட்டர்பேக் மஹோம்ஸை ஒரு தடவை கூட சாக் (பாலை வீசறதுக்கு முன்னாடியே பிடிச்சுக் கீழே தள்ளறது) பண்ண முடியலங்கறதையும் சொல்லணும். ஓட்டையை அடைக்கலாம், அதுக்கு மேல இவங்ககிட்ட எதிர்பாக்கக் கூடாது.

புரூஸ் ஸ்மித்தைப் பாருங்கன்னு சில பேர் சொல்வாங்க. பில்ஸ் டீம் அவரை விட்டதுக்கப்புறம் 2000ல வாஷிங்டன் போய் 37 வயசுல 10 சாக் எடுத்தார், கடைசியா 200 சாக்கோட ரிட்டயர் ஆனார், அது இன்னிக்கும் ரெக்கார்டு. கலைஸ் கேம்ப்பெல்லும் 2024ல டால்ஃபின்ஸுக்கு 38 வயசுல 5 சாக் எடுத்தார். ஆனா ரெஜி வைட் கதையையும் சேத்துப் படிக்கணும். 1998ல 16 சாக், அந்த வருஷத்தோட சிறந்த டிஃபென்சிவ் பிளேயர் அவர்தான், ஒரு வருஷம் ரிட்டயர் ஆகி வீட்ல இருந்துட்டு 2000ல பேந்தர்ஸுக்கு வந்தப்ப 5.5தான் வந்துச்சு. அதனால உங்க ஆள் கடைசியா எப்ப ஆடினார்னு முதல்ல பாருங்க. போன சீசன் டிசம்பர் கேம் டேப் இருந்தா பாதி கவலை தீந்துது, ஒரு முழு சீசன் ஆடவே இல்லன்னா நான் தயங்குவேன்.

கேள்வி: பணத்தை ஏன் வீணாக்கணும்? (இது மச்சானே தனியா அனுப்பினது.)

பதில்: நீங்க நினைக்கற அளவுக்குப் பணம் போகாதுங்க. ஏழு வருஷத்துக்கு மேல ஆடினவங்களுக்கு 2025ல குறைஞ்சபட்ச சம்பளம் 12 லட்சத்து 55 ஆயிரம் டாலர். பழைய ஆளுங்களுக்கான சலுகை விதிப்படி ஒரு வருஷ ஒப்பந்தமா எடுத்தா, முழு சீசனுக்கும் அந்த வருஷ கேப் (ஒரு டீம் சம்பளத்துக்குச் செலவு பண்ணக்கூடிய உச்சவரம்பு) கணக்குல 10 லட்சத்து 30 ஆயிரம்தான் ஏறிச்சு, ஏன்னா பழைய ஆளுங்க செலவு ஜாஸ்தின்னு டீமுங்க ஒதுக்கிடக் கூடாதுன்னே லீக் அப்படி வச்சிருக்கு. 2025ல மொத்த கேப் 27 கோடியே 92 லட்சம் டாலர். அதோட முதல் வாரம் ரோஸ்டர்ல (டீமோட ஆட்கள் பட்டியல்) இருந்த சீனியர் பிளேயரை நடுவுல அனுப்பினா முழு வருஷ சம்பளத்தையும் அவர் கேக்கலாம், அதுக்கப்புறம் எடுத்தா அந்தப் பாரம் குறைவு, சீசன் நடுவுல இப்படி ஆளுங்க வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

உங்க நிஜமான கவலை அந்தப் பையன்தான்னு புரியுது, அது நியாயமான கவலை. 53 பேர் ரோஸ்டர்ல ஒரு இடம் போகும், அது பையனோட இடமா இருந்தா வேண்டவே வேண்டாம்னு நானே சொல்வேன். பாலை வீசற டவுன்ல (ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்) எல்லாம் பையன் ஆடட்டும், ஓட்டம் வர்ற டவுன்ல பெரியவர் நிக்கட்டும். இடுப்பை எப்பத் தாழ்த்தணும், தோளை எங்க செருகணும்னு பக்கத்துல நின்னு காட்ட ஒருத்தர் இருக்கறது அவனுக்குத்தான் லாபம்.

கேள்வி: எடுத்துட்டா எத்தனை கேம்ல தெரியும்?

பதில்: மூணு குடுங்க. முதல் கேமை வச்சு எதுவும் சொல்லாதீங்க, மூச்சு பழக நாளாகும். மூணாவது கேம்ல, நாலாவது குவார்ட்டர் ஆரம்பிச்சதும் ரெண்டு பிளேக்கு நடுவுல அவரையே பாருங்க, கை ரெண்டும் இடுப்புக்குப் போகுதா, ரெண்டு பேர் சேந்து மோதறப்ப கால் பின்னாடி நகருதான்னு. நகரலன்னா ஜனவரி வரைக்கும் வச்சுக்கலாம்.